நிரலாக்கத்தில் அணி: எண்ணால் இடம் அறியும் முறை

பதினோராம் வகுப்பில் சி++ படிக்கும்போது ‘அணி’ என்றும், அடுத்த ஆண்டு பைத்தான் படிக்கும்போது ‘பட்டியல்’ என்றும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும் இரண்டைத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மாணவர்கள் சந்திக்கிறார்கள். கல்லூரிக்குப் போனதும் அது ‘அரே’ ஆகிவிடுகிறது. ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ மாலை நேரக் கணினி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் அணி என்றால் என்ன என்று கேட்டால், “ஒரே பேர்ல நிறைய மதிப்பைப் போட்டு வைக்கிறது சார்” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலே நகர முடியாது. எண்ணிக்கை ஏன் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது, சில மொழிகளில் அளவை ஏன் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, நடுவில் ஒன்றைச் செருகினால் நிரல் ஏன் மெதுவாகிறது, எல்லைக்கு வெளியே கைவைத்தால் ஒரு மொழி பிழை காட்ட இன்னொரு மொழி ஏன் குப்பை எண்ணைக் கொடுக்கிறது என்ற கேள்விகள் எதற்கும் அந்த விளக்கத்தில் விடை இல்லை. இவை தனித்தனியே மனப்பாடம் செய்யவேண்டிய விதிகள் அல்ல; அணியின் உறுப்புகள் நினைவகத்தில் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்ற ஒரே செய்தியிலிருந்து பிறப்பவை. அந்தச் செய்தியை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

ஏழு நாள், ஏழு பெயர்கள்

பாம்பனில் நண்டு வலை போடும் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நண்டை எடைபோட்டு வாங்கும் வியாபாரி நாள்தோறும் சீட்டில் எழுதித் தரும் கிலோக் கணக்கை அவருடைய மகள் கணினியில் ஏற்ற விரும்புகிறாள். திங்கள் 42 கிலோ, செவ்வாய் 35. புதன்கிழமை கச்சான் காற்று பலமாக அடித்ததால் தொழிலுக்குப் போகவில்லை. வியாழன் 58, வெள்ளி 51, சனி 27. ஞாயிறு கோயிலுக்குப் போகும் நாள். படகு கரையில் கிடந்தது.

நிரலாக்கத்தில் புதிதாகக் கால்வைப்பவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது மாறி. ஒரு மதிப்பை வைத்துக்கொள்வதற்காக நினைவகத்தில் ஒதுக்கி, பெயர் சூட்டப்பட்ட இடமே மாறி. அதை மட்டும் தெரிந்தவர் மேற்கண்ட கணக்கை இப்படித்தான் எழுதுவார்:

திங்கள் = 42
செவ்வாய் = 35
புதன் = 0
வியாழன் = 58
வெள்ளி = 51
சனி = 27
ஞாயிறு = 0
மொத்தம் = திங்கள் + செவ்வாய் + புதன் + வியாழன் + வெள்ளி + சனி + ஞாயிறு

இது சரியாக வேலை செய்யும். மொத்தம் 213 என்று விடையும் வரும். ஒரு வருடக் கணக்கு வேண்டும் என்றால் 365 மாறிகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல் எனப் பலரும் சொல்வார்கள். தட்டச்சுச் செய்யும் சிரமம் உண்மைதான் என்றாலும், அடிப்படைச் சிக்கல் வேறு. பெயரை வைத்துக் கணினியால் கணக்குப் போட முடியாது. ‘வியாழன்’ என்ற மாறிப் பெயருடன் ஒன்றைக் கூட்டி ‘வெள்ளி’ என்ற மாறியை அடைய வழியில்லை. வியாழனுக்கு அடுத்தது வெள்ளி என்பது நமக்குத் தெரியுமே ஒழிய நிரலுக்குத் தெரியாது. அதற்கு அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்கள்.

அணியாக எழுதினால் அதே கணக்கு ஒரு வரியில் அடங்கும்:

பிடிப்பு = [42, 35, 0, 58, 51, 27, 0]

பகர அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு மதிப்பும் ஓர் உறுப்பு. ஓர் உறுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் முழு எண் சுட்டெண். பேச்சில் இதை ‘இண்டெக்ஸ்’ என்கிறோம். சுட்டெண் பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் பிடிப்பு[0] என்பது திங்களின் 42, பிடிப்பு[3] என்பது வியாழனின் 58. அடைப்புக்குள் எழுதும் எண்ணின் இடத்தில் ஒரு மாறியையும் எழுதலாம் என்பதுதான் இதில் பெரிய ஆதாயம். பிடிப்பு[இ] என்று எழுதிவிட்டு, ‘இ’யின் மதிப்பை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், அதே ஒரு வரி அடுத்தடுத்த நாளைத் தொட்டுக்கொண்டே போகும்:

மொத்தம் = 0
இ = 0
இ < 7 ஆக இருக்கும் வரை:
    மொத்தம் = மொத்தம் + பிடிப்பு[இ]
    இ = இ + 1

ஒரே கட்டளைத் தொகுதியைத் திரும்பத் திரும்ப இயக்கும் இந்த அமைப்புக்கு மடக்கு என்று பெயர். ஏழு நாளாக இருந்தாலும் 365 நாளாக இருந்தாலும் மடக்கின் நீளம் மாறுவதில்லை. ‘7’ என்ற எண் மட்டுமே மாறும். அணியும் மடக்கும் பாடநூல்களில் அடுத்தடுத்து வருவது தற்செயல் அல்ல. மடக்கு இல்லாவிட்டால் அணியால் பெரிய பயன் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது, ஏனெனில் தரவுகளைக் கையாளும் பலரும் இதில் வழுக்குகிறார்கள். மூன்றாவது உறுப்பு புதன்கிழமை என்பதோ, அங்குள்ள பூஜ்ஜியம் ‘போனோம், எதுவும் படவில்லை’ என்பதல்ல, ‘போகவே இல்லை’ என்பதோ அணிக்குள் எங்கும் எழுதப்படவில்லை. அணிக்குத் தெரிந்தது வரிசை மட்டுமே. அந்த வரிசைக்கு என்ன பொருள் என்பது எழுதியவரின் பொறுப்பு. 213ஐ ஏழால் வகுத்தால் சராசரி 30.4 கிலோ; தொழிலுக்குப் போன ஐந்து நாளால் வகுத்தால் 42.6 கிலோ. இரண்டும் சரியான கணக்குதான், ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடை அல்ல.

பாலத்தின் கண்களும் நினைவக முகவரியும்

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தை ராமநாதபுரம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியைக் கண் என்பார்கள். அதில் 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்களும், கப்பல் போவதற்காகச் செங்குத்தாக மேலே தூக்கப்படும் 72.5 மீட்டர் கண் ஒன்றும் உள்ளன. தூக்குப் பகுதியைச் சற்று ஒதுக்கிவிட்டு, சம நீளமுள்ள கண்களை மட்டும், இடையிலுள்ள சிறு இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாமல் எண்ணிப் பார்ப்போம். பாலத்தின் தொடக்கத்திலிருந்து பத்தாவது கண் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராவது கேட்டால், நாடாவை எடுத்துக்கொண்டு நடந்து அளக்க வேண்டியதில்லை. அதற்கு முன் ஒன்பது கண்கள் கடந்திருக்கும். 9 × 18.3 = 164.7 மீட்டர். ஐம்பதாவது கண்ணுக்கு 49 × 18.3. எத்தனையாவது கண்ணைக் கேட்டாலும் ஒரு பெருக்கல்தான். எல்லாக் கண்களும் ஒரே நீளம் என்பதும், ஒன்றை ஒட்டி அடுத்தது வருகிறது என்பதுமே இந்தச் சுருக்குவழியைத் தருகின்றன. 72.5 மீட்டர் தூக்குக் கண் நடுவே வந்ததும் இந்த எளிய பெருக்கல் உடைந்துபோகும். அதற்குப் பிறகு வரும் கண்களுக்கு வேறு கணக்கு வேண்டும்.

கணினியின் நினைவகமும் நீளவாக்கில் எண்ணிடப்பட்ட ஒன்றுதான். அதன் அடிப்படை அலகான பைட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணே முகவரி. அணி ஒன்றை உருவாக்கும்போது அதன் எல்லா உறுப்புகளுக்கும் சேர்த்து இடைவெளியில்லாத ஒரே நீண்ட துண்டு ஒதுக்கப்படுகிறது. உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரே அளவு இடம். சி மொழியில் சாதாரண முழு எண் ஒன்று இன்றைய கணினிகளில் பொதுவாக 4 பைட் எடுத்துக்கொள்கிறது. ‘பிடிப்பு’ அணி 5000 என்ற முகவரியில் தொடங்குவதாகக் கொண்டால், 42 இருப்பது 5000இல். 35 இருப்பது 5004இல். புதனின் பூஜ்ஜியம் 5008இல். வியாழனின் 58 இருப்பது 5012இல். கடைசி உறுப்பு 5024இல் தொடங்கி 5027இல் முடிகிறது. இதைப் பொதுவாக எழுதினால்:

முகவரி = தொடக்க முகவரி + சுட்டெண் × ஓர் உறுப்பின் அளவு

பிடிப்பு[3] என்று நீங்கள் எழுதும்போது கணினி முதல் உறுப்பிலிருந்து எண்ணிக்கொண்டு வருவதில்லை. 5000 + 3 × 4 என்று ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்து நேராக 5012க்குப் போய் நிற்கிறது. ஏழு உறுப்பு அணியாக இருந்தாலும் ஏழு லட்சம் உறுப்பு அணியாக இருந்தாலும், முதல் உறுப்பைக் கேட்டாலும் கடைசி உறுப்பைக் கேட்டாலும், வேலை அதே அளவுதான். அணியை மற்ற அமைப்புகளிலிருந்து வேறுபடுத்துவது இந்தத் திறனே. ‘நிறைய மதிப்பைப் போட்டு வைப்பது’ என்ற பதிலில் விடுபட்டுப்போவதும் இதுவே.

சுருக்கமாக: அணியின் உறுப்புகள் அடுத்தடுத்து, சம அளவில் இருக்கின்றன. அதனால் சுட்டெண்ணிலிருந்து முகவரியைக் கணக்கிட முடிகிறது. இனி வருபவை எல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களின் விளைவுகள்.

பூஜ்ஜியத்திலிருந்து ஏன்?

மேலே உள்ள சூத்திரத்தை மறுபடி பார்த்தால் விடை அதிலேயே கிடைக்கும். சுட்டெண் என்பது அந்த உறுப்பை அடைய எத்தனை உறுப்புகளைக் கடக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. முதல் உறுப்புக்கு எதையும் கடக்க வேண்டியதில்லை, ஆகவே பூஜ்ஜியம். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் மொழிகளும் இருக்கின்றன. ஐபிஎம் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் அணியை ஒன்றிலிருந்து எண்ணியது. லுவா, ஆர், ஜூலியா ஆகிய மொழிகள் இன்றும் அப்படியே எண்ணுகின்றன. அங்கெல்லாம் சூத்திரத்தில் சுட்டெண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கும் வேலை மறைவாக நடக்கிறது. சி, சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் ஆகியவை பூஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டன.

முகவரிக் கணக்கைத் தாண்டியும் பூஜ்ஜியத்துக்கு ஒரு நியாயம் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய சிறு குறிப்பு ஒன்றில் அதை எடுத்துக்காட்டினார். தொடர்ச்சியான எண்களைக் குறிக்கும்போது தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் எழுதுவதே சிக்கல் குறைந்த வழி என்பதும், அப்படி எழுதும்போது பூஜ்ஜியத்தில் தொடங்குவதே பொருந்துகிறது என்பதும் அவர் வாதம். ஏட்டில் வறட்சியாகத் தெரியும் இந்த வாதத்தை நம் கடற்கரைக் கணக்கு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உறுப்பாக, 365 உறுப்புள்ள ‘நாள்’ என்ற அணியை வைத்திருப்பதாகக் கொள்வோம். ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31 ஆக 90 நாள். ஏப்ரல் 15 என்பது 105ஆவது நாள். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் அதன் சுட்டெண் 104. ஜூன் 14 என்பது 165ஆவது நாள், சுட்டெண் 164. தடைக்காலம் எத்தனை நாள் என்று அவசரத்தில் 164இலிருந்து 104ஐக் கழித்தால் 60 வரும். அது தவறு, உண்மையில் 61 நாள். இரு முனைகளையும் சேர்த்து எண்ணும்போது ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டோம். பைத்தான் இதையே நாள்[104:165] என்று எழுதச் சொல்கிறது: 104 உண்டு, 165 கிடையாது. இப்போது 165 − 104 = 61. ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். கணக்கைத் தொடரும் அடுத்த துண்டு நாள்[165:365] என்று அதே எண்ணில் தொடங்கும். இடையில் ஒரு நாள் விடுபடவோ இரட்டிக்கவோ செய்யாது. மடக்கில் இ < 7 என்று எழுதுவதும் இதே மரபுதான். லீப் ஆண்டில் பிப்ரவரி 29ஐ அடுத்து எல்லாச் சுட்டெண்களும் ஒன்று கூடிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; ஆனால் அது அணியின் குற்றம் அல்ல, நாள்காட்டியின் குற்றம்.

எல்லையைத் தாண்டும்போது

ஏழு உறுப்புள்ள அணிக்குக் கடைசிச் சுட்டெண் 6. மடக்கில் இ < 7 என்பதற்குப் பதிலாக இ ≤ 7 என்று எழுதிவிட்டால், இல்லாத எட்டாவது உறுப்பான பிடிப்பு[7]ஐ நிரல் கேட்கும். பைத்தானும் ஜாவாவும் ஒவ்வொரு முறையும் சுட்டெண் எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதித்துவிட்டே உள்ளே விடுகின்றன. வெளியே இருந்தால் பிழைச் செய்தியுடன் நிரல் நின்றுவிடும். புதியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். உண்மையில் இதுதான் பாதுகாப்பு.

சி மொழி அப்படிச் சோதிப்பதில்லை. சூத்திரத்தை அது அப்படியே போடும்: 5000 + 7 × 4 = 5028. அந்த முகவரி நம் அணிக்குச் சொந்தமானதல்ல. வேறொரு மாறி அங்கே குடியிருக்கலாம், பழைய மிச்சம் ஏதாவது கிடக்கலாம். அங்கே என்ன இருக்கிறதோ அதையே எண்ணாகப் படித்து, மொத்தத்தில் சேர்க்கக் கூடும். நிரல் சில நேரம் நின்றுபோகும். பல நேரம் தவறான விடையைக் கொடுத்துவிட்டு அமைதியாக முடிந்துவிடும். மொழியின் விதிப்படி இங்கே எது வேண்டுமானாலும் நடக்கலாம். படிப்பதற்குப் பதிலாக அங்கே எழுதினால், அடுத்தவரின் மதிப்பு அழிந்துபோகும்.

இது வகுப்பறைப் பிழை மட்டும் அல்ல. 1988 நவம்பரில் இணையத்தில் தானாகவே கணினிக்குக் கணினி பரவிய மோரிஸ் புழு என்ற நிரல், கணினிகளுக்குள் நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று இதுதான்: 512 பைட் மட்டுமே கொள்ளும் ஓர் அணிக்குள் அதைவிட நீளமான தரவை அனுப்பியது, வாங்கிய நிரல் எல்லையைச் சோதிக்கவில்லை. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாட்டில் எழுதுவதற்குப் பதிலாகப் படிப்பது நடந்தது. அனுப்பியவர் சொன்ன நீளத்தை இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் அப்படியே நம்பி, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை பக்கத்து நினைவகத்தைத் திருப்பி அனுப்பியது.

குறை எண்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பைத்தானில் பிடிப்பு[-1] என்பது கடைசி உறுப்பு, அதாவது ஞாயிறு. அது பிழை அல்ல, அந்த மொழி வேண்டுமென்றே தரும் வசதி. ஆனால் ‘நேற்றைய பிடிப்பு’ என்ற எண்ணத்தில் பிடிப்பு[இ - 1] என்று எழுதினால், திங்கள்கிழமைக்கு ‘இ’ பூஜ்ஜியம் என்பதால், அது சத்தமில்லாமல் அதே அணியின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி வராத பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

நடுவில் ஒன்றைச் செருகுதல்

அணியின் பலம் எதுவோ அதுவே அதன் பலவீனமும் ஆகிறது. உறுப்புகள் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்பதால், நடுவில் புதிதாக ஒன்று நுழைய வேண்டுமானால் பின்னால் இருப்பவை எல்லாம் நகர்ந்தாக வேண்டும். படகுக்காரரின் மகள் முதலில் தொழிலுக்குப் போன நாள்களை மட்டும் [42, 35, 58, 51, 27] என்று பதிந்துவிட்டு, பிறகு புதன்கிழமைக்கு ஒரு பூஜ்ஜியத்தைச் செருக நினைக்கிறாள் என்று கொள்வோம். வலப்புறம் ஆறாவது இடம் காலியாக இருக்கிறது. சுட்டெண் 2இல் பூஜ்ஜியம் வர வேண்டும்.

முன்னாலிருந்து நகர்த்தத் தொடங்கினால் என்ன ஆகும் என்று தாளில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. சுட்டெண் 2இல் உள்ள 58ஐ 3இல் எழுதினால், அங்கிருந்த 51 அழிந்துவிடுகிறது. அடுத்து 3இல் இருப்பதை 4இல் எழுதுகிறோம். 3இல் இப்போது இருப்பது 58 என்பதால் 4இலும் 58, அங்கிருந்த 27 போயிற்று. பிறகு 5இலும் 58. கடைசியில் கையில் நிற்பது [42, 35, 58, 58, 58, 58]. இரண்டு நாள் பிடிப்பு காணாமல் போனது. சரியான முறை கடைசியிலிருந்து தொடங்குவது: முதலில் 27 காலி இடத்துக்கு, பிறகு 51, பிறகு 58. மூன்றும் நகர்ந்தபின் சுட்டெண் 2இல் பூஜ்ஜியத்தை எழுதினால் [42, 35, 0, 58, 51, 27] என்று ஒழுங்காக நிற்கும். நடுவில் ஒன்றை நீக்கும்போது இதற்கு நேர்மாறாக, முன்னாலிருந்து இடப்பக்கம் இழுக்க வேண்டும்.

பைத்தானில் இதற்கென்று ஆயத்தக் கட்டளை இருப்பதால் இந்த நகர்த்தல் கண்ணில் படாது. கண்ணில் படாததால் நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு லட்சம் உறுப்புள்ள பட்டியலின் தொடக்கத்தில் ஒன்றைச் செருகினால் ஒரு லட்சமும் ஓரிடம் நகர்கின்றன. அதையே மடக்குக்குள் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் தவழத்தான் செய்யும். முடிந்தவரை கடைசியில் சேர்ப்பதே அணிக்கு ஏற்ற வழக்கம்.

ஆகவே, எண்ணைச் சொல்லி எடுப்பது மலிவு. கடைசியில் சேர்ப்பது மலிவு. நடுவிலோ தொடக்கத்திலோ சேர்ப்பதும் நீக்குவதும் செலவு.

பைத்தானின் பட்டியல் அணியா?

சி++ மொழியின் சாதாரண அணிக்கு அளவைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்; எல்லா உறுப்புகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பைத்தான் பட்டியலில் 42ஐயும் ‘நண்டு’ என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம். அப்படியானால் மேலே சொன்ன சம அளவு விதி எங்கே போயிற்று?

அது எங்கும் போகவில்லை, ஓரடுக்கு கீழே இறங்கியிருக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்தப்படும் பைத்தானில், பட்டியல் மதிப்புகளை நேரடியாகத் தன்னுள் வைத்திருப்பதில்லை. அவை இருக்கும் முகவரிகளையே வரிசையாக வைத்திருக்கிறது. மதிப்பு சிறியதோ பெரியதோ, 64 பிட் கணினியில் முகவரி ஒன்றுக்கு 8 பைட்தான். ஆகவே உள்ளே இருப்பது முகவரிகளால் ஆன அணி, அதே பெருக்கல், அதே வேகம், மதிப்பை எட்ட ஒரு தாவல் மட்டும் கூடுதல். வளரும் வசதியும் இப்படித்தான்: தேவைக்குச் சற்று அதிகமாகவே இடம் எடுத்து வைத்துக்கொள்ளும், அது நிரம்பியதும் பெரிய துண்டு ஒன்றைப் பெற்று, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் அங்கே படியெடுக்கும். இது எப்போதாவதுதான் நடப்பதால் கடைசியில் சேர்ப்பது சராசரியில் மலிவாகவே இருக்கிறது.

முகவரிகள் என்ற இந்த உண்மை தெரியாததால் வரும் குழப்பம் ஒன்று மிகவும் பொதுவானது. நகல் = பிடிப்பு என்று எழுதினால் இரண்டாவது பட்டியல் ஒன்று உருவாகிவிடுவதாகவே புதியவர்கள் நினைக்கிறார்கள். உருவாவது இரண்டாவது பெயர் மட்டுமே. நகல்[0] = 99 என்று மாற்றினால் பிடிப்பு[0]உம் 99 ஆகிவிடும், ஏனெனில் இரண்டு பெயர்களும் சுட்டுவது ஒரே பட்டியலை. உண்மையான படி வேண்டுமானால் நகல் = பிடிப்பு[:] என்று எழுத வேண்டும்.

கட்டம் கட்டமாக: இரு பரிமாண அணி

நண்டு மட்டும் அல்லாமல் கணவாய், காரல் ஆகியவற்றின் எடையும் வேண்டும் என்றால் மூன்று தனி அணிகள் வைக்கலாம். அதில் ஆபத்து என்னவென்றால், அவற்றுள் ஒன்றை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் மற்ற இரண்டுடன் இருந்த நாள் தொடர்பு அறுந்துபோகும். அறுந்தது என்று எந்தச் செய்தியும் வராது. நாளை வரிசையாகவும் மீனைப் பத்தியாகவும் கொண்ட 7 × 3 கட்ட அணி ஒன்றை வைப்பதே மேல். எடை[4][2] என்பது வெள்ளிக்கிழமைக் காரல்.

நினைவகம் ஒற்றைக் கோடாக இருக்கும்போது கட்டம் அதில் எப்படி அடங்கும்? சி மொழி ஒரு வரிசை முழுவதையும் எழுதிவிட்டு அதன் தொடர்ச்சியாக அடுத்த வரிசையை எழுதுகிறது. எடை[4][2]க்கு முன்னால் நான்கு முழு வரிசைகளும் இரண்டு உறுப்புகளும் கடந்திருக்கும்: 4 × 3 + 2 = 14. ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாக அடுக்குவதால் அதே கட்டம் அங்கே 2 × 7 + 4 = 18 உறுப்புகளுக்குப் பின்னால் வரும். இதை நினைவில் வைக்கத் தேவை வருவது பெரிய கட்டங்களைக் கையாளும்போதுதான்: நினைவகம் அக்கம்பக்கத்து பைட்டுகளைச் சேர்த்தே எடுத்துத் தருவதால், அடுக்கிய திசையிலேயே மடக்கை ஓட்டினால் நிரல் விரைவாக ஓடும்.

அணி ஒத்துவராத இடம்

‘27 கிலோ எந்த நாளில் கிடைத்தது?’ என்ற கேள்விக்கு முகவரிச் சூத்திரம் உதவாது. அது எண்ணிலிருந்து இடத்தைச் சொல்லுமே தவிர மதிப்பிலிருந்து இடத்தைச் சொல்லாது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அணி ஏறுவரிசையில் இருந்தால் நடுவில் பார்த்து, தேடுவது சிறியதா பெரியதா என்று அறிந்து, பாதியை ஒதுக்கிக்கொண்டே போகலாம். அப்படித் தேடினால் 1000 உறுப்புகளுக்கு அதிகபட்சம் 10 ஒப்பீடுகள் போதும். பெயரைச் சொல்லி மதிப்பை எடுப்பதே பெரும்பாலான வேலை என்றால், அணியை விட்டுவிட்டு பைத்தானின் அகராதி போன்ற அமைப்புக்குப் போவதே சரி. எல்லாவற்றுக்கும் பட்டியலையே பிடித்துத் தொங்குவது கற்பவர்களிடம் நான் அதிகம் காணும் பழக்கம்.

தமிழ்ச் சொல்லும் ஓர் அணிதான்

பெரும்பாலான நிரலாக்க மொழிகளில் எழுத்துகளின் தொடரான எழுத்துச் சரமும் அணி போலவே சுட்டெண்ணால் அணுகப்படுகிறது. அங்கே ஓர் உறுப்பு என்பது நாம் எழுத்து என்று கருதுவது அல்ல. ‘மீன்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 4 என்கிறது. ம, ஈகாரக் குறி, ன, புள்ளி ஆகிய நான்கும், எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுத் தரமான யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். சுட்டெண் 0இல் கிடைப்பது ‘மீ’ அல்ல, ‘ம’. ‘காரல்’ மூன்று எழுத்து, ஆனால் ஐந்து உறுப்பு. ‘கணவாய்’ நான்கு எழுத்து, ஆறு உறுப்பு. ‘மீன்’ என்பதைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பினால் ‘ன்மீ’ வராது. புள்ளி தொடக்கத்தில் அனாதையாக நிற்க, ஈகாரக் குறி ‘ன’வுடன் ஒட்டிக்கொண்டு ‘னீம’ என்று காட்சி தரும்.

பெயர்களை ஒப்பிடும்போது இதைவிடப் பெரிய தொல்லை வருவது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளால்தான். ‘கொண்டல்’ என்பதன் முதல் எழுத்தை, க என்பதுடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, கால் என்ற இரண்டு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீளம் கேட்டால் ஒன்று 7 என்றும் மற்றொன்று 8 என்றும் சொல்லும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சுச் செய்த படகுப் பெயர்களையோ மீன் பெயர்களையோ ஒரே பட்டியலில் சேர்ப்பவர்கள், தேடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். யூனிகோடு இதற்கு இயல்பாக்கம் என்ற வழியை வரையறுத்திருக்கிறது. பைத்தானுடன் வரும் யூனிகோடு நூலகத்திலேயே அதற்கான கட்டளை உள்ளது.